ரோட்டவேட்டர், கலப்பை எல்லாம் கழற்றி எப்படி வைக்கிறீங்க? தனி ஆளா மாட்ட வழி வேணும்

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர் மாவட்டம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல 45 எச்.பி. டிராக்டர் வண்டி ஒண்ணு. 9 கொத்து வச்ச கொத்துக் கலப்பை, 6 அடி ரோட்டவேட்டர் (பிளேடு சுத்தி மண்ணைக் கிளறுற கருவி), ரெண்டு சட்டி வச்ச சட்டிக் கலப்பை, ஒரு ஜோடி கேஜ் வீல் (சேத்து உழவுக்கு மாட்டுற இரும்புச் சக்கரம்), பின்னாடி மாட்டுற லெவலர் பலகை இருக்கு. வண்டிக்கு மட்டும்தான் கொட்டகை. கருவி எல்லாம் புளியமரத்தடியில மண்ணுலதான் இறக்கி வைப்போம்.

போன வாரம் குறுவைக்குச் சேறு அடிக்கணும்னு ரோட்டவேட்டர் மாட்டப் போனேன். அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் நல்ல மழை. ஒரு பக்கம் முக்கால் ஜாண் மண்ணுக்குள்ள இறங்கிப்போய் சாஞ்சு நிக்குது. வண்டிக்குப் பின்னாடி கருவியைத் தூக்குற ரெண்டு கை (லிங்க்) இருக்குல்ல, அதுல இடதை எப்படியோ மாட்டிட்டேன். வலது பக்கம் பின்னு நாலு விரக்கடை கீழ இருக்கு. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினா, ரோட்டவேட்டர் ஏறல, கடப்பாரைதான் சேத்துக்குள்ள போகுது. அப்பாவை வண்டியில உட்கார வச்சு லிவரைப் பிடிக்கச் சொன்னேன். அவருக்கு 67 வயசு, இன்ஜின் சத்தத்துல நான் சொல்றது கேட்கல. "இறக்குங்க"ன்னு சொன்னது "ஏத்துங்க"ன்னு விழுந்திருக்கு. லிங்க் மேல வந்த வேகத்துல என் ஆள்காட்டி விரல் நுனி கருவியோட பின்னுக்கும் லிங்க் முனையில இருக்கிற ஓட்டை போட்ட பந்துக்கும் நடுவுல சிக்கிடுச்சு. நகம் முழுக்கக் கறுத்துப்போச்சு. எலும்புக்கு ஒண்ணும் இல்ல. அப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

ஒரு கருவி மாட்ட ஒரு மணி நேரம் ஆகுது. 30க்கு 20 அடி இடம் காலியா இருக்கு. பெருசா செலவு பண்ண முடியாது. நீங்க எல்லாம் எப்படி வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க. கூட ஆள் இல்லாம நானே மாட்டணும், அதான் வேணும்.

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

தம்பி, முதல்ல விரலைப் பாத்துக்கோங்க. நகம் விழுந்து முளைக்கிற வரைக்கும் டீசல் படாம வைங்க.

மாட்டும்போது படுற பாடு எல்லாம் கழத்துன அன்னிக்கே நாம வச்சுட்டு வந்ததுதான். உழவு முடிச்சு இருட்டுன பிறகு வீட்டுக்கு வர்றோம், பசி வேற, எங்க நிக்குதோ அங்க லிவரைக் கீழ தள்ளி இறக்கிட்டு மூணு பின்னையும் உருவிட்டுப் போயிடுறோம். அது மேடா பள்ளமா, வண்டி நேரா நிக்குதா கோணலா நிக்குதான்னு அப்ப யாரும் பாக்கறதில்ல. மூணு மாசம் கழிச்சு அதே கோணல்ல வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த நம்மால முடியாது. அதான் கடப்பாரை தேட வேண்டி வருது.

எங்க ஊரு கரிசல் பத்திச் சொல்ல வேண்டாம். மழை பெஞ்சா உள்ள இழுக்கும், வெயில் அடிச்சா வெடிச்சு விலகும். மண்ணு மேல வச்ச கருவி ஒரு வருஷத்துல ஒரே மட்டத்துல நிக்கவே நிக்காது. நான் செஞ்சது இதுதான். வேலிக்கு நடுற கல்லுக்கால் இருக்குல்ல, 6 அடி நீளம், அதுல ஒரு ஜோடி ஒரு கருவிக்கு. தரையை ஒரு சாண் தோண்டி, சரளை போட்டு இடிச்சு, கல்லைப் படுக்க வச்சு, மேல்முகம் மட்டும் மண்ணுக்கு மேல ரெண்டு விரக்கடை தெரியற மாதிரி பதிச்சேன். ரெண்டு கல்லுக்கும் ரசமட்டம் பிடிச்சுப் பாத்தேன். ரோட்டவேட்டரோட ரெண்டு பக்கத் தகடும் அந்தக் கல்லு மேல உக்காரும். பிளேடு நடுவுல தொங்கும், தரையைத் தொடாது. ஏழு வருஷமாச்சு, கல்லு அசையல.

கழத்துற வரிசையும் முக்கியம். டாப் லிங்க் (மேல நடுவுல மாட்டுற ஒத்தைத் தண்டு) முதல்ல, அப்புறம் வலது, கடைசியா இடது. மாட்டும்போது தலைகீழா இடது, வலது, டாப். இடது பக்கத் தூக்குத் தண்டு நீளம் மாறாது. வலது பக்கத்துல சுத்துற கைப்பிடி இருக்கு, அதைத் திருப்பினா வலது கை மட்டும் ஏறும் இறங்கும். அதனால இடதுக்கு வண்டியை வச்சு சரி பண்ணுங்க, வலதுக்குக் கைப்பிடியை வச்சு சரி பண்ணுங்க. நாலு விரக்கடை வித்தியாசம்னு சொன்னீங்களே, அந்தக் கைப்பிடி சுத்துதா? நெறைய வண்டியில துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கும்.

வெண்ணாற்றங்கரை

அண்ணே, சரியாச் சொன்னீங்க. போய்ப் பார்த்தேன், கைப்பிடி அசையவே இல்ல. வாங்குனதுல இருந்து அதுல யாரும் கை வச்சதே இல்ல போல. மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வச்சிருக்கேன்.

எங்க பக்கம் கல்லுக்கால் கிடைக்காது. கல்லே கிடையாது, எல்லாம் வண்டல். பனங்கட்டை போடலாமா?

கரிசல்காட்டான்

வைரம் பாஞ்ச பனை போடலாம். ஆனா மண்ணுல பதிச்சா கரையான் வரும். கீழ செங்கல் வரிசை கட்டி மேல கட்டையை வைங்க, கட்டைக்குப் பழைய இன்ஜின் ஆயில் தடவுங்க. இன்னொண்ணு, கட்டை இடுக்குல தேளும் பாம்பும் ஒதுங்கும். கையை உள்ள விடறதுக்கு முன்னாடி ஒரு கம்பால நாலு தட்டு தட்டிட்டு விடுங்க. போன வருஷம் எங்க தெருவுல ஒருத்தருக்கு அப்படித்தான் தேள் கொட்டுச்சு.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

வணக்கமுங்க. நான் வேற மாதிரி பண்ணியிருக்கேனுங்க. வண்டியைக் கருவிகிட்ட கொண்டுபோறதுக்குப் பதிலா கருவியை வண்டிகிட்ட தள்ளிட்டு வர்ற மாதிரி உருளைத் தள்ளுவண்டி. 4 அங்குல சி சேனல்ல சட்டம், அடியில நாலு இரும்பு உருளை. கொட்டகைக்குள்ள 4 அங்குலத்துக்கு கான்கிரீட் போட்ட தளமுங்க, அதனால உருளும். ரோட்டவேட்டர் அதுமேலயே இருக்கும். வண்டியை ரிவர்ஸ்ல ஒரு முழ தூரத்துல நிறுத்திட்டு, இன்ஜினை அணைச்சுட்டு, தள்ளுவண்டியை நகர்த்தி பின்னையும் ஓட்டையையும் நேராக்கிக்குவேனுங்க. ஒத்தை ஆளாத்தான் பண்றேன்.

ஆனா ஒண்ணு சொல்லோணும். முதல் தடவை நாலு உருளையுமே எல்லாப் பக்கமும் திரும்பற உருளையாப் போட்டுட்டேன். தளம் மழைத்தண்ணி வடியறதுக்காக வாசல் பக்கம் லேசாச் சரிவு. பத்தடிக்கு ஒரு அங்குலம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாதுங்க. கருவியை இறக்கி பின்னைக் கழட்டி வண்டியை முன்னாடி எடுத்தேன், பின்னாலேயே ரோட்டவேட்டரும் வருது. 400 கிலோவுக்கு மேல இருக்கிற சாமான், மெதுவாத்தான் கிளம்புச்சு, அப்புறம் பிடிக்க முடியல. கொட்டகைத் தூண்ல இடிச்சு நின்னுச்சு. தூண் குழாய் வளைஞ்சு போச்சு. அந்தப் பக்கம் எம்பொண்ணு சைக்கிளை நிறுத்தற இடமுங்க. அவ அப்ப பள்ளிக்கூடம் போயிருந்தா.

அதுக்கப்புறம் பின்னாடி ரெண்டு உருளையைத் திரும்பாத உருளையா மாத்தி, நாலு மூலையிலயும் திருகு கால் வச்சுட்டேன். கருவி இறக்கினதும் முதல் வேலை நாலு காலையும் தரையைத் தொடற வரைக்கும் திருகி விடறது. அது முடிஞ்ச பிறகுதான் பின்னுல கை வைப்பேனுங்க.

பட்டறை_நாமக்கல்

நான் லாரி பாடி கட்டும் பட்டறையில் 22 வருடம் வேலை செய்தவன். இப்போது சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது கருவி வைக்க ஸ்டாண்டு கேட்டு வருகிறார்கள், அதனால் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

பொள்ளாச்சி நண்பர் சொன்ன தள்ளுவண்டி கான்கிரீட் தளத்துக்கு மட்டும்தான். மண் தரையில் எந்த உருளையும் ஓடாது. தஞ்சாவூர் தம்பி அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். தளம் இருப்பவர்களும் உருளையின் தாங்கு எடையைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். 450 கிலோவை நான்கால் வகுத்தால் ஒரு உருளைக்கு 112 கிலோ வரும், அதை நம்பி 125 கிலோ உருளை வாங்கி வந்துவிடுகிறார்கள். தளம் எங்கேயும் கண்ணாடி மாதிரி இருப்பதில்லை. ஒரு உருளை பள்ளத்தில் இருக்கும்போது பாரம் முழுவதும் மற்ற மூன்றில்தான் நிற்கும், சில சமயம் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டில் மட்டும் நிற்கும். ரோட்டவேட்டரில் கியர் பெட்டி, பக்கச் சங்கிலிப் பெட்டி எல்லாம் சேர்ந்து எடை நடுவில் இருக்காது, ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். ஒரு உருளைக்குக் குறைந்தது 250 கிலோ தாங்குவதாக வாங்குங்கள். தள்ளுவண்டியின் மேல்மட்டம் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போக வேண்டாம். உயரம் கூடினால் கவிழும்.

இனி, மண் தரையில் தள்ளுவண்டி இல்லாமல் எளிதாக மாட்ட என்ன வழி? ரோட்டவேட்டர் புதிதாக வரும்போது முன்பக்கம் ஒரு ஊன்றுகால் கொடுப்பார்கள். இரும்புப் பட்டையில் நான்கைந்து ஓட்டை போட்டு உயரம் மாற்றுகிற மாதிரி இருக்கும். வயலில் இடிக்கிறது என்று கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் கருவி முன்பக்கம் குனிந்துவிடும், மாஸ்ட் (டாப் லிங்க் மாட்டுகிற நடுத் தூண்) சாய்ந்துவிடும், டாப் லிங்க் ஓட்டை எட்டாது. என்னிடம் ஸ்டாண்டு கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அந்த ஊன்றுகால் எங்கே என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்கு அதுவே போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

சட்டிக் கலப்பைதான் ஆபத்து. ரோட்டவேட்டருக்கும் கொத்துக் கலப்பைக்கும் அகலமான அடி உண்டு. சட்டிக் கலப்பை இரண்டு சட்டியிலும் ஒரு பின் சக்கரத்திலும் நிற்கிறது, மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில். தள்ளினால் பக்கவாட்டில் விழும். சட்டி விளிம்பு தேய்ந்து கத்தி மாதிரி இருக்கும். அதற்கு 2 அங்குல ஆங்கிளில் ஏ வடிவத் தாங்கி செய்து, கலப்பையின் தண்டை அதில் உட்கார வைத்து ஒரு போல்ட் போட்டு இறுக்குங்கள். சாய்த்துச் சுவரில் வைப்பது வேண்டவே வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை

ஐயா, அந்த ஊன்றுகால் எங்க வீட்ல கோழிக்கூண்டுக்கு முட்டா இருக்கு. இன்னைக்கே எடுத்துடறேன்.

இன்னொரு சந்தேகம். ரோட்டவேட்டர் பின்னு பந்துக்குள்ள லொடலொடன்னு ஆடுது. கலப்பைக்கு அப்படி இல்ல. வாங்குன கடையில கேட்டப்ப "எல்லாம் ஓட ஓடச் சரியாயிடும்"னாங்க. மானியத்துல எடுத்தது, மாத்தித் தர மாட்டோம்னுட்டாங்க.

பட்டறை_நாமக்கல்

ஓட ஓடச் சரியாகாது தம்பி, ஓட்டைதான் பெரிதாகும். பின் அளவில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்குக் கீழ்ப் பின் 22 மி.மீ., டாப் பின் 19 மி.மீ. இரண்டாம் வகைக்குக் கீழ்ப் பின் 28 மி.மீ., டாப் பின் 25 மி.மீ. உங்கள் 45 எச்.பி. வண்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வண்டி, எதுவும் வரலாம். வண்டியின் பந்து 28, ரோட்டவேட்டர் பின் 22 என்று இருந்தால் நீங்கள் சொல்கிற ஆட்டம்தான் வரும். லேத்தில் கொடுத்தால் வெளிவிட்டம் 28, உள்விட்டம் 22 என்று புஷ் (இடைவெளியை நிரப்பும் இரும்பு வளையம்) கடைந்து தருவார்கள். உதிரிக் கடையில் ஆயத்தமாகவும் கிடைக்கும். இரண்டு பின்னுக்கு இடையே உள்ள அகலத்தையும் அளந்து பாருங்கள். முதல் வகையில் சுமார் 68 செ.மீ., இரண்டாம் வகையில் சுமார் 82 செ.மீ. அகலம் மாறியிருந்தால் லிங்க் உள்ளே இழுக்கப்பட்டு நிற்கும், பின் ஓட்டைக்கு நேராக வராமல் முரண்டு பிடிக்கும்.

ஒவ்வொரு கருவிக்கும் அதற்கு ஏற்ற புஷ்ஷை அதன் பின்னிலேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள். கழற்றிச் சட்டைப் பையில் போட்டால் தொலைந்துவிடும். டாப் பின்னும் லாக் கிளிப்பும் அப்படியே. கழற்றியதும் மறுபடி அதே ஓட்டையில் சொருகி கிளிப் போட்டு வைக்க வேண்டும்.

செங்காந்தள் (வேடசந்தூர்)

நான் ஒரு பெண். எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார். ஒம்பது ஏக்கரும் வண்டியும் என் பொறுப்பு. ஆறு வருஷமா நானேதான் மாட்டுறேன், நானேதான் கழட்டுறேன். பலம் போட்டு மாட்டுறதுன்னா என்னால முடியவே முடியாது. அதனால பலம் தேவைப்படாத மாதிரி பண்ணிக்கிட்டேன். எல்லாரும் கல்லு, சட்டம்னு சொல்றீங்க, எல்லாம் சரிதான். எனக்குக் கைகொடுத்தது தடம்.

கருவி நிக்கிற இடத்துக்கு முன்னாடி 20 அடிக்கு நேர்த்தடம் ஒண்ணு விட்டிருக்கேன். பின் டயர் ரெண்டுக்கும் வெளிப்பக்கமா செங்கலைக் குத்துக்கல்லா ரெண்டு வரிசை பதிச்சேன். டயருக்கும் செங்கலுக்கும் நடுவுல நாலு விரல்தான் இடைவெளி. ரிவர்ஸ் எடுக்கும்போது டயர் செங்கலை உரசுனா எனக்குத் தெரிஞ்சுடும், நேராக்கிக்குவேன். கடைசியில பின் டயர் முட்டுற இடத்துல ஒரு கல்லு. டயர் கல்லுல முட்டிச்சுன்னா லிங்க் பந்து பின்னுக்கு நேரா நிக்குது. ஏன்னா கழட்டும்போதும் வண்டி அதே தடத்துல வந்து அதே கல்லுல முட்டித்தான் நிக்கும். போன தடவை வண்டி எங்க நின்னுச்சோ அங்கேயே இந்தத் தடவையும் நிக்கும், அதனால கருவியை இழுக்கவும் தேவை இல்ல, தள்ளவும் தேவை இல்ல.

அடுத்தது உயரம். ஹைட்ராலிக் லிவர் ஓடுற அந்த வளைவுப் பட்டையில ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நிறத்துல கோடு போட்டிருக்கேன். ரோட்டவேட்டருக்குச் சிவப்பு, கொத்துக் கலப்பைக்கு மஞ்சள். லிவரைச் சிவப்புக் கோட்டுல வச்சா லிங்க் ரோட்டவேட்டர் பின்னு உயரத்துல நிக்கும். அதுக்கப்புறம் இறங்கி ஏறி இறங்கி ஏறிப் பார்க்க வேண்டாம். டாப் லிங்க்ல எத்தனை மரை வெளியில தெரியணும்கிறதையும் கொட்டகைச் சுவத்துல சுண்ணாம்பால எழுதி வச்சிருக்கேன். "ரோட்டா 7, கொத்து 11, பலகை 9." எங்க மாமியார் முதல்ல சுவத்தைக் கெடுக்கறேன்னு சொன்னாங்க. இப்ப மழையில அழிஞ்சா அவங்களே மறுபடி எழுதிடறாங்க.

தம்பி, உங்க அப்பா விஷயம் படிச்சேன். வண்டி மேல ஆள் இருக்கும்போது பின்னாடி நிக்காதீங்க. ரெண்டு பேர் இருந்தா வேலை சுலபம்னு தோணும், ஆனா லிவர் ஒருத்தர் கையில, விரல் ஒருத்தரோடது. தனியா மாட்டும்போது என் விரல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், லிவரைத் தொட வேற யாரும் இல்ல. நியூட்ரல், கைப்பிரேக், இன்ஜின் நிறுத்தம், சாவி என் கழுத்துல. அதுக்கப்புறம்தான் பின்னாடி போவேன். லிங்க்கை உயர்த்திட்டுப் போக வேண்டி இருந்தா ரெண்டடி நீளத்துக்கு ஒரு கட்டையைக் கீழ முட்டுக் கொடுத்துட்டுத்தான் கையை வைப்பேன்.

தென்னந்தோப்பு

அக்கா, அந்தச் செங்கல் தடம் ரொம்ப நல்லா இருக்குதுங்க. என்ற தளத்துல பெயிண்ட் கோடு போட்டாலே போதும்னு நினைக்கறேன்.

தலைக்கு மேல செயின் பிளாக் மாட்டித் தூக்கி வைக்கறவங்க யாராச்சும் இருக்கீங்களா? 1 டன் பிளாக் எங்கிட்ட சும்மா கிடக்குதுங்க.

பட்டறை_நாமக்கல்

எதில் மாட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொட்டகைச் சட்டத்தில் மாட்டாதீர்கள். அது ஓட்டின் எடைக்கும் காற்றுக்கும் போட்ட சட்டம். அதன் நடுவில் 450 கிலோ தொங்கவிட்டால் ஒரு நாள் கூரையே கீழே வரும். மாட்டுவதானால் தனியாக இரண்டு தூண் நட்டு, அவற்றின் மேல் ஐ பீம் போட்டு, அதில் மாட்டுங்கள். கருவியைத் தூக்கி இறக்கத்தான் செயின் பிளாக். தொங்கவிட்டபடியே மாதக்கணக்கில் வைப்பதற்கு அல்ல. தூக்கியதும் கீழே தாங்கி வைத்து அதில் இறக்கிவிட வேண்டும்.

கேஜ் வீலுக்கு வேண்டுமானால் செயின் பிளாக் நன்றாக உதவும். டயரைக் கழற்றி மாற்றும்போது ஒருவராகப் பிடிக்க முடியாத சாமான் அது.

ஓடம்போக்கி (திருவாரூர்)

எனக்கு வயது 71. 1974 முதல் டிராக்டர் ஓட்டினேன், கண் பார்வை குறைந்த பிறகு நிறுத்திவிட்டேன். பேரன் தட்டச்சு செய்கிறான்.

கேஜ் வீல் பற்றி ஒரு சொல். சேற்று உழவு முடிந்ததும் இரும்புச் சக்கரத்தைக் கழற்றி நிற்க வைத்தே விட்டுவிடுகிறார்கள். அது சக்கரம், உருளும். குழந்தைகள் அதன் கம்பியில் கால் வைத்து ஏறுவார்கள். எங்கள் ஊரில் ஒரு சிறுவன் ஏறியபோது உருண்டு அவன் முழங்கால் ஒடிந்தது. சக்கரத்தைப் படுக்க வையுங்கள், அல்லது நிற்க வைத்துச் சங்கிலியால் தூணோடு கட்டுங்கள். கட்டாமல் விடக்கூடாது.

இரண்டாவது, கருவியை ஹைட்ராலிக்கில் தூக்கியபடி இரவு முழுவதும் நிறுத்தும் வழக்கம். காலையில் நேராக வயலுக்குப் போகலாம் என்று செய்கிறார்கள். இன்ஜின் நின்ற பிறகு ஆயில் மெல்ல மெல்லக் கசிந்து கருவி இறங்கிக்கொண்டே இருக்கும். புது வண்டியில் மெதுவாக, பழைய வண்டியில் வேகமாக. யாராவது லிவரைத் தட்டிவிட்டால் ஒரே இறக்கமாக இறங்கும். நான் வேலை பார்த்த பண்ணையில் ஒருவர் அப்படித் தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டருக்கு அடியில் படுத்து பிளேடு போல்ட் முறுக்கினார். கீழே முட்டு இல்லை. அவருக்கு இடது தோள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் களத்தில் காவல் வேலைதான் பார்த்தார். இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வேலையில் அவரைப் போல் நிதானமானவர் கிடையாது, அன்று அவசரம், அவ்வளவுதான்.

நாங்கள் ஓட்டியது பெர்குசன் வண்டி. 1960இல் சென்னையில் டாஃபே என்ற டிராக்டர் நிறுவனம் தொடங்கியபின் நம் பக்கம் நிறைய வந்தது. மூன்று இடத்தில் மாட்டும் இந்த முறையே ஹாரி பெர்குசன் கொண்டுவந்ததுதான். அதற்கு முன்பு கலப்பையை வண்டிக்குப் பின்னால் சங்கிலியில் இழுத்தார்கள். கலப்பை வேரிலோ கல்லிலோ மாட்டினால் வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பி ஓட்டுபவர் மேல் கவிழும். டாப் லிங்க் என்ற அந்த ஒற்றைத் தண்டு, கலப்பை அப்படி எதிலாவது சிக்கும்போது வண்டியின் முன்பக்கத்தைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. ஆகவே டாப் லிங்க்கை அலட்சியம் செய்யாதீர்கள். கிளிப் இல்லை என்று ஆணியை வளைத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை

ஐயா, படிச்சதும் எழுந்து போய் எங்க கேஜ் வீல் ரெண்டையும் படுக்க வச்சுட்டு வந்தேன். எங்க வீட்லயும் ரெண்டு சின்னப் பசங்க இருக்காங்க.

பி.டி.ஓ. ஷாஃப்ட் (வண்டியில இருந்து ரோட்டவேட்டரைச் சுத்த வைக்கிற தண்டு) எப்படி வைக்கறது? ரோட்டவேட்டரோடவே விட்டா முனை மண்ணுல படுது.

கரிசல்காட்டான்

வண்டிப் பக்கத்து முனையைக் கீழ விடவே கூடாது. உள் பல்லுக்குள்ள மண்ணு போனா அப்புறம் தண்டுல ஏறாது, சுத்தியலால அடிப்பீங்க, பல்லு மழுங்கிடும். ரோட்டவேட்டர் மாஸ்ட்ல ஒரு கொக்கி பத்தவச்சு சின்னச் சங்கிலியால தூக்கிக் கட்டுங்க. முனைக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவைக் கவுத்து விடுங்க. ரொம்ப நாள் மாட்ட மாட்டீங்கன்னா ரெண்டாப் பிரிச்சு, துடைச்சு, கிரீஸ் தடவி, கொட்டகைக்குள்ள ஆணியில மாட்டுங்க. லாக் பொத்தானுக்கு ரெண்டு சொட்டு ஆயில். மாட்டும்போது கை வழுக்கிப் பாடுபடறது பாதி அந்தப் பொத்தான் இறுகுறதாலதான்.

பிளாஸ்டிக் உறை உடைஞ்சு போயிருந்தா மாத்துங்க. நிமிஷத்துக்கு 540 சுத்து, வேட்டி நுனி ஒண்ணு மாட்டினா போதும்.

குறிஞ்சிப்பாடி_ஆறுமுகவேலன்

குயிக் ஹிட்ச்னு ஒண்ணு விக்குது, வண்டியில நிரந்தரமா மாட்டிட்டா சீட்ல இருந்தே கொக்கி மாதிரி தூக்கிக்கலாம்னு காணொளியில பார்த்தேன். யாராவது பயன்படுத்தி இருக்கீங்களா?

பட்டறை_நாமக்கல்

நல்ல சாதனம்தான். ஆனால் நம் ஊர்க் கருவிகளில் மாஸ்ட் உயரம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ரோட்டவேட்டருக்குப் பொருந்துவது உள்ளூர்ப் பட்டறைக் கலப்பைக்குப் பொருந்தாது. மேல் கொக்கியின் உயரம் மாற்ற முடிகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதை மாட்டினால் கருவி ஒரு சாண் அளவுக்கு வரை பின்னால் தள்ளிப் போகும். பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் நீளம் குறைந்துவிடும். அதை அளக்காமல் ஓட்டாதீர்கள், தூக்கும்போது கழன்று அடிக்கும். மூன்று நான்கு கருவி வைத்திருந்து தினமும் மாற்றுகிறவர்களுக்குச் சரி. வருடத்துக்கு நான்கு முறை மாற்றுகிறவருக்கு வேடசந்தூர் அம்மா சொன்ன தடமே போதும் என்பது என் அபிப்பிராயம்.

வெண்ணாற்றங்கரை

ஒரு மாசம் கழிச்சு வர்றேன். செஞ்சதைச் சொல்லணும்னு தோணுச்சு.

புளியமரத்தடியை விட்டுட்டேன். 30 அடிப் பக்கத்துல வரிசையா மூணு இடம் பிரிச்சோம், நடுவுல ஆள் நடக்க ரெண்டரை அடி. மண்ணை ஒரு அடி எடுத்துட்டு, இடிச்ச செங்கல் ஜல்லி கொட்டி, தண்ணி விட்டு இறுக்கினோம். அதுமேல பழைய மின்கம்பம் உடைஞ்சது ஒருத்தர்கிட்ட வாங்கி 5 அடித் துண்டுகளா வெட்டிப் படுக்க வச்சோம். கம்பிக் கான்கிரீட், அதனால கரையான் பயம் இல்ல. கரிசல்காட்டு அண்ணன் சொன்னபடி ரசமட்டம் பிடிச்சேன். கைப்பிடி ரெண்டு நாள் மண்ணெண்ணெய்ல ஊறினதும் சுத்த ஆரம்பிச்சுடுச்சு. லேத்துல புஷ் கடைஞ்சாச்சு, லொடலொடப்பு சுத்தமா நின்னுபோச்சு. சட்டிக் கலப்பைக்கு ஏ தாங்கி. ஊன்றுகால் திரும்ப ரோட்டவேட்டர்ல ஏறிடுச்சு, கோழிக்கூண்டுக்கு வேற முட்டு.

அக்கா சொன்ன செங்கல் தடம் ரோட்டவேட்டருக்கு மட்டும் முதல்ல போட்டுப் பார்த்தேன். அஞ்சு தடவை கழட்டி மாட்டிப் பழகினேன். முதல் தடவை 25 நிமிஷம். நேத்து 8 நிமிஷம், பி.டி.ஓ. ஷாஃப்ட்டோட சேர்த்து. கடப்பாரை எடுக்கவே இல்ல. லிவர் பட்டையில கோடு போட்டது அப்பாதான். அவருக்கு இப்ப வண்டி மேல வேலை இல்ல, தள்ளி நின்னு டயர் கல்லுல முட்டறதைப் பார்த்துக் கையைக் காட்டறார்.

ஒரு கேள்வி பாக்கி. மழைக்காலத்துக்குத் தார்ப்பாய் போட்டு மூடலாமா? ஐப்பசி கார்த்திகையில எங்க பக்கம் விடாம ஊத்தும்.

ஓடம்போக்கி

மூடலாம், ஆனால் தரை வரை இறக்கிக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் வெந்து துரு அதிகமாகும். நான்கு கம்பு நட்டு மேலே மட்டும் போடுங்கள், பக்கம் திறந்திருக்கட்டும். மூடுவதற்கு முன் சேற்றைக் கழுவி ஒரு நாள் வெயிலில் காய வைத்து, பிளேடுக்கும் சட்டிக்கும் பழைய ஆயில் தடவுங்கள். கியர் பெட்டியின் மூச்சுத் துளை அடைந்திருக்கிறதா என்று பாருங்கள், அதை ஆயில் தடவும்போது மூடிவிடாதீர்கள்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

செங்காந்தள்

8 நிமிஷம் நல்ல நேரம் தம்பி. கொத்துக் கலப்பைக்கும் தடம் போடும்போது செங்கலை ரோட்டவேட்டர் தடத்துக்கு ஒட்டிப் போடாதீங்க. முன் டயர் திரும்ப இடம் வேணும், நான் அதுல ஒரு தடவை மொத்தத்தையும் பெயர்த்துப் போட வேண்டியதாச்சு. ஆறடி விடுங்க.